ஒன்பது கஜம் எங்கிருந்து வந்தது?

பதினோரு பேர் அனுப்பிய மின்னஞ்சல் பொய்யாக இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? வேதவல்லிக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூரிலிருந்து அத்தை பெண் நிருபமா அனுப்பினாள். கணவன் ராகவின் அலுவலக நண்பர் அனுப்பினார். ஸ்ரீரங்கத்துச் சித்தப்பா, கணினி வாங்கிய மறுவாரமே அனுப்பினார். ஆளுக்கொரு நிறத்தில் எழுத்தை மாற்றி, இதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். விஷயம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று ஒரு வழக்கு உண்டு. நேராகச் சொன்னால் 'முழு ஒன்பது கஜமும்'. ஒன்று விடாமல், அடி முதல் நுனி வரை என்று பொருள். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரம், ஊஞ்சல், நலங்கு, இரண்டு வகைப் பாயசம் என்று எதையும் விடாமல் செய்திருந்தால் அந்தக் கல்யாணம் 'ஹோல் நைன் யார்ட்ஸ்'. சரி, அது ஏன் ஒன்பது? எட்டு என்றால் ஆகாதா, பத்து என்றால் குறைந்துவிடுமா? நம் மடிசார்ப் புடவையின் ஒன்பது கஜம்தான் அது என்றது மின்னஞ்சல். ஆயிரத்து எண்ணூற்று இருபதில் சென்னைக் கவர்னரின் மனைவி ஒரு ஜவுளிக் கடையில் மலைத்துப்போய்ச் சொன்ன வார்த்தையாம். இங்கிலாந்தில் ஒரு பேராசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டாராம். படித்தபோது எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே என்று வேதவல்லிக்குத் தோன்றியது. ஏற்கெனவே கேட்ட விஷயம் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள். மனித புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்வது.

வெறும் வம்பாக இருந்திருந்தால் படித்துவிட்டு மறந்திருப்பாள். ஆனால் அந்த ஒன்பது கஜத்தின் மேல் அவள் தன் பிழைப்பையே கட்டியிருந்தாள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஐந்து வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் வேதவல்லி. கல்யாணமாகி ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வந்து இன்னோர் ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த ஐந்தில் அவள் செய்ததெல்லாம் ஜெர்மன் பரீட்சைகள் எழுதியதும், சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுத்ததும், அலுவலகங்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண்ணுக்காகக் காத்திருந்ததும்தான். வகுப்பறையில் நின்று பழகிய காலுக்கு வீட்டுக்குள் நடப்பது போதவில்லை. சில நாள் சமையலறையில் தனியாக நின்றுகொண்டு வினைச்சொற்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். வெட்கமாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறு செப்டம்பரில் கதவு கொஞ்சம் திறந்தது. பெரியவர்கள் மாலை நேரத்தில் போய்ப் படிக்கும் நகரக் கல்விக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க ஓர் இடம் காலி. அங்கே மொழிப் பிரிவுக்குத் தலைவி ஃப்ரௌ ப்ரொக்மான், அதாவது திருமதி ப்ரொக்மான், குட்டை முடியும் கறாரான பேச்சும் உள்ள பெண்மணி. வேதவல்லிக்கு ஒரே ஒரு மாதிரி வகுப்பு தருவதாகச் சொன்னார். நவம்பர் மூன்றாம் வியாழன், மாலை நான்கு மணி, ஒன்றரை மணி நேரம். அதைப் பார்த்துத்தான் முடிவு. போட்டிக்கு மான்செஸ்டர்க்காரர் ஒருவர் இருந்தார். பிறந்ததிலிருந்து ஆங்கிலத்திலேயே தும்முகிற ஆளோடு நான் எதை வைத்து மோதுவது என்று வேதவல்லி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் புடவை நினைவுக்கு வந்தது. 'ஒரு சொற்றொடரின் கதை: இந்தியப் புடவையிலிருந்து ஆங்கிலத்துக்கு' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாள். ஃப்ரௌ ப்ரொக்மானின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரமே வரவேற்புக் கூடத்தில் மஞ்சள் காகிதத்தில் அச்சடித்து ஒட்டினார்கள்.

வகுப்பில் புடவையைப் பிரித்து எல்லோருமாக அளப்பது என்பது திட்டம். ஜெர்மனியில் கஜம் ஏது, எல்லாம் மீட்டர். தன் கல்யாண மடிசாரையும் எடுத்துக்கொண்டு, அங்குலம் போட்ட நாடாவுக்காக குணேஸ்வரியின் கடைக்குப் போனாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மூன்ஸ்டர் வீதியில் ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, திரைச்சீலை தைப்பது என்று ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறாள். பக்கத்துக் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனபோது ஏற்பட்ட பழக்கம்.

"உதென்ன தங்கச்சி, கூறையைக் கொண்டு வந்திருக்கிறியள்? வெட்டப் போறியளோ?" என்று பதறினாள் குணேஸ்வரி.

"ஐயோ, வெட்டறதா! அளந்து பாக்கணும் அக்கா. ஒன்பது கஜம் இருக்கான்னு."

"கஜம் எண்டால் யார்தானே. இருங்கோ, பார்ப்பம்."

வெட்டும் மேசை மேல் அரக்கு நிறப் பட்டை விரித்து, குணேஸ்வரி ஒரு நுனியைப் பிடித்து கஜம் கஜமாக எண்ணிக்கொண்டே போனாள். ஒன்பது முடிந்தபோது இன்னும் ஒரு பெரிய மடிப்பு மிச்சமிருந்தது. "ஒன்பது இல்லை. பத்துக்கு ரெண்டு விரல் குறைவு" என்றாள்.

வேதவல்லிக்கு முதல் இடி அது. ஒன்பது கஜம் என்று பெயர்தானே தவிர, கடைக்குக் கடை, தறிக்குத் தறி அது ஒன்பதும் இருக்கும் பத்தும் இருக்கும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் இருந்துவிட்டாள். சமாளித்துக்கொண்டு கவர்னர் மனைவியின் கதையைச் சொன்னாள். குணேஸ்வரி வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"நல்ல கதை. நான் ஒண்டு கேட்கிறன், கோவிக்காதையுங்கோ. எங்கட ஊரிலயும் வெள்ளைக்காரன் கனகாலம் இருந்தவன். எங்கட கூறை ஆறு யார். உங்கட ஊரிலயும் முக்காவாசிச் சனம் உடுத்திறது ஆறுதானே. பிறகு என்னண்டு அவன் ஒன்பதைப் பிடிச்சவன்? 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' எண்டெல்லோ சொல்லியிருக்க வேணும்?"

"அது... எல்லாரும் இப்படித்தான் சொல்றா, அக்கா."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

மடித்த புடவையைப் பையில் வைத்துக்கொண்டாள் வேதவல்லி. நாடாவை வாங்கிக்கொண்டு டிராமில் ஏறியவள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். எல்லாரும் என்றால் யார்? கேள்வி பிடித்துக்கொண்டது. பயத்தில் பிடித்தது பாதி. மீதி, எத்தனையோ நாளாகச் சாப்பிடக் கிடைக்காத பதார்த்தத்தின் வாசனை வந்தால் வருகிற பசி. ஒன்றைத் தேடிப் போவது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

மறுநாள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள். பெரிய அகராதிகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின. தோற்றம் தெரியவில்லை. இணையத்தில் தேடியதில், ஒரு சொல் முதன்முதலில் எங்கே அச்சேறியது என்று பழைய செய்தித்தாள்களைத் துழாவுவதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் ஒரு கூட்டம் அகப்பட்டது. மடல் குழு ஒன்றில் இரவும் பகலும் அடித்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு எழுதினாள். ஒஹாயோவிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் நான்கு பக்கம் பதில் போட்டார்.

அந்த நான்கு பக்கத்தை வேதவல்லி மூன்று முறை படித்தாள். போர் விமானத்துத் துப்பாக்கியின் தோட்டா மாலை இருபத்தேழு அடி, அதாவது ஒன்பது கஜம், அத்தனையையும் எதிரி மேல் கொட்டித் தீர்ப்பதுதான் இது என்று விமானப் படைக்காரர்கள் சொல்கிறார்களாம். இல்லை, கான்கிரீட் கலக்கும் லாரியின் கொள்ளளவு ஒன்பது கன கஜம் என்கிறார்கள் கட்டட வேலைக்காரர்கள். பாய்மரக் கப்பலில் மூன்று மரம், மரத்துக்கு மூன்று குறுக்குக் கழி, அந்தக் கழிக்கும் ஆங்கிலத்தில் யார்ட் என்றுதான் பெயர் என்கிறார்கள் மாலுமிகள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அவர்கள் பாவாடைத் துணி. தையற்காரர்களுக்கு மூன்று துண்டு உடுப்புத் துணி. எதற்கும் ஆதாரம் கிடையாது. இதுவரை கையில் சிக்கிய அச்சுச் சான்றுகள் அமெரிக்காவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. ஆயிரத்து எண்ணூற்று இருபதில் ஒருவர் சொன்னது நூற்று நாற்பது வருடம் எந்தக் காகிதத்திலும் படாமல் எப்படி ஒளிந்திருக்கும் என்று பணிவாகக் கேட்டிருந்தார் கிழவர். கடைசியில் ஒரு வரி. 'உங்கள் கதைக்கு மூலம் எது என்று கண்டுபிடித்தால் எழுதுங்கள், இங்கே நாற்பது பேர் ஆவலோடு காத்திருக்கிறோம்.'

அவரவர் தம் தொழிலிலிருந்தே அந்த ஒன்பதைப் பிடித்து வந்திருப்பதைப் பார்த்து வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. நாமும் நம் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

"இதென்ன பிஎச்டி தீஸிஸா?" என்றான் ராகவ், சாயங்காலக் காப்பியைக் குடித்துக்கொண்டே. "ஒன்றரை மணி நேரம். ஸாரியைப் பிரிச்சுக் காட்டு, கதையைச் சொல்லு, காண்ட்ராக்டை வாங்கிண்டு வா."

"பொய்யா இருந்தா?"

"பொய்னு ப்ரூவ் ஆயிருக்கா?"

"இல்லை. நிஜம்னும் ஆகலை."

"அப்பறம் என்ன? மேட்ச் டை. உனக்குப் பிடிச்ச டீமை ஜெயிக்க வெச்சுக்கோ."

நியாயமாகத்தான் இருந்தது. தப்பான யோசனைகள் சில சமயம் இப்படி நியாயமாக உடுத்திக்கொண்டு வந்து நிற்கும். வேதவல்லி அதைக் காதில் வாங்கிக்கொண்டாலும், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நிருபமா அனுப்பிய மடலைத் திறந்து கீழே இறங்க ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்து மடல்களில் ஒரு சௌகரியம் உண்டு. யார் யாருக்கு அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று பரம்பரையே அடியில் ஒட்டிக்கொண்டு வரும். நிருபமாவுக்குக் கீழே பெங்களூரில் ஒருவர், அவருக்குக் கீழே மஸ்கட்டில் ஒருவர், அதற்கும் கீழே யாரோ ஒரு டாக்டர். கீழே போகப் போகக் கதை மெலிந்துகொண்டே வந்தது. டாக்டருக்குக் கீழே போனதும் இங்கிலாந்துப் பேராசிரியர் காணாமல் போனார். அடுத்த படியில் கவர்னரின் மனைவி வெறும் கலெக்டரின் மனைவியாக இறங்கினாள், வருடமும் காணோம். கடைசிப் படியில் நின்றது ஒரே ஒரு பெயர். லக்ஷ்மிப்ரியா, நியூஜெர்ஸி, ஜூலை இரண்டாயிரத்து மூன்று. அதற்குக் கீழே வெற்றுத் திரை.

அவளுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டாள் வேதவல்லி. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'மேடம்' என்ற ஒரு வார்த்தை, அதன் பின்னால் ஏழெட்டு ஆச்சரியக் குறிகள், ஒரு தொலைபேசி எண்.

சனிக்கிழமை பிற்பகல் கூப்பிட்டாள். அங்கே காலை. பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், நிஜமாவே நீங்கதானா? என்னை ஞாபகம் இருக்கா? செகண்ட் பிஏ, முதல் பெஞ்ச், சோடாபுட்டிக் கண்ணாடி!"

"இருக்கும்மா, நன்னா இருக்கு" என்றாள் வேதவல்லி. வருடத்துக்கு எண்பது பெண்கள் என்று ஐந்து வருடம், அதில் கண்ணாடி போட்டவர்களே நூறு பேர். "அந்த நைன் யார்ட்ஸ் மெயில், அது உனக்கு யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை மேடம், நான்தான் உட்கார்ந்து டைப் பண்ணேன்."

"சரி, உனக்கு யார் சொன்னா?"

மறுமுனையில் சிரிப்பு. "என்ன மேடம், டெஸ்ட் வைக்கிறீங்களா? நீங்கதானே சொன்னீங்க! க்ளாஸ்ல!"

வேதவல்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பொய் என்று எங்கும் அச்சிட்டிருக்கவில்லை, ஆனாலும் அந்த நொடியில் அவளுக்கு அது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதைச் செய்த கை அவளுடையது.

தொண்ணூற்றாறு ஜூலை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், வயது இருபத்துமூன்று. புடவை அவிழ்ந்துவிடுமோ என்று ஆறு ஊக்கு குத்திக்கொண்டு போன நாட்கள். சேர்ந்த அன்றே துறைத் தலைவி கூப்பிட்டு ஒரே ஓர் அறிவுரை சொல்லியிருந்தார்: கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு 'தெரியாது' என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்புறம் அந்த வகுப்பு உன் கையில் இருக்காது. நம்மூரில் இதைச் சொல்லாத கல்லூரி கிடையாது. பாடத்தில் அந்தத் தொடர் வந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, ஏன் மேடம் ஒன்பது என்று கேட்டது. எண்பது முகமும் நிமிர்ந்தன. வேதவல்லி தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள், மேலே கிடந்தது புடவை. அது ஆறு கஜம்தான் என்றாலும் வாய் முந்திக்கொண்டது. ஒரு கலெக்டரின் மனைவி, திருச்சிப் பெரிய கடைவீதி, கடைக்காரர் பிரிக்கப் பிரிக்க முடியாத புடவை, துரைசானி கண்ணை அகல விரித்து 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்?' என்று கேட்பது. நடித்தே காட்டினாள். வகுப்பு சிரித்தது, மணி அடித்தது, தப்பித்தாள். தப்பித்ததாக நினைத்திருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா. ஆமாம், நான்தான் சொன்னேன்." மீதியைச் சொல்லாமல் குழந்தைகளை விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவமானம் அவளைத் தின்றது.

திங்கட்கிழமை ஃப்ரௌ ப்ரொக்மானைப் போய்ப் பார்த்து, தலைப்பை மாற்ற முடியுமா என்று கேட்டாள். அவர் ஒரு பட்டியலைத் திருப்பிக் காட்டினார். இருபத்துமூன்று பெயர்கள். மான்செஸ்டர்க்காரருக்கு வந்தது பதினொன்று.

"இத்தனை பேரும் புடவைக்காகப் பெயர் கொடுத்தவர்கள், ஃப்ரௌ ராகவ். மூலம் இதுவோ அதுவோ, அது பண்டிதர்கள் பாடு. கதை அழகாக இருக்கிறது, அப்படியே சொல்லுங்கள். உங்களைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது, அதை வீணாக்கிவிடாதீர்கள்."

இதைவிட வெளிப்படையாக ஒருவர் சொல்ல முடியாது. ஐந்து வருடம் காத்திருந்த வேலை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் ஒரு சின்னப் பொய், அதுவும் யாருக்கும் கெடுதல் செய்யாத, சிரிக்க வைக்கிற பொய். வேதவல்லி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. அப்படியும் இருபத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். ஃப்ரௌ ப்ரொக்மான் கடைசி வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேதவல்லி புடவையை எடுத்து முதல் வரிசைப் பெண்ணிடம் ஒரு நுனியைக் கொடுத்தாள். கைமாறிக் கைமாறி அது அறையின் மறுகோடியைத் தொட்டது, கதவைத் தாண்டியது, நடைவழியில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். அளந்தார்கள், தப்பாக எண்ணினார்கள், திரும்ப அளந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது கட்டளை. வேதவல்லிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இதற்குத்தான், இதற்குத்தான் ஐந்து வருடமாக ஏங்கினேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு தோட்டா மாலை, கான்கிரீட் லாரி, கப்பல், பாவாடைத் துணி என்று எல்லாக் கதையையும் வரிசையாகச் சொன்னாள். எது சரி என்று கை தூக்கச் சொன்னாள். பத்தொன்பது கை புடவைக்கு. கையில் பட்டைப் பிடித்துக்கொண்டு வேறெதற்கு ஓட்டுப் போடுவார்கள்?

முன்வரிசையில் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃப்ரௌ ஹியூல்ஸ்மான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "அப்படியானால் புடவைதான், இல்லையா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கலெக்டரின் மனைவி நாக்கு நுனியில் தயாராக நின்றாள். இந்தப் பத்து வருடத்தில் இன்னும் நன்றாகவே நடிக்கக் கற்றிருந்தாள் அவள். ஃப்ரௌ ப்ரொக்மான் பேனாவோடு நிமிர்ந்து, சொல்லுங்கள் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

மேசையில் கிடந்த நாடாவைச் சுருட்டி ஒருபக்கம் வைத்தாள்.

"யாருக்கும் தெரியாது. புடவைக் கதை என்னுடையது. எனக்கு இருபத்துமூன்று வயதில், எண்பது மாணவிகளுக்கு முன்னால், தெரியாது என்று சொல்லப் பயந்து நானே கட்டியது. இப்போது உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இந்த வகுப்புக்கு அதைத்தான் தலைப்பாக வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

நடைவழியில் புடவை நுனியைப் பிடித்திருந்தவர் அதை மெல்ல நாற்காலி மேல் வைத்தார். ஒரு பெண்மணியின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஃப்ரௌ ப்ரொக்மான் ஏதோ எழுதினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று வேதவல்லி நினைத்தபோது, ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அகன்ற தோளோடு ஒரு கிழவர் எழுந்தார். ஹெர் வீஷர்ட். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறவர்.

"கான்கிரீட், நோ" என்றார். முகம் சிவந்திருந்தது. "ஐ... தர்ட்டி ஒன் இயர் டிரைவ். மிக்ஸர். சிக்ஸ், செவன், எய்ட். லாரி டிஃபரென்ட், எவ்ரி லாரி டிஃபரென்ட். பாஸ் ஸே ஃபுல். நெவர் ஃபுல்! நைன், ஐ டோன்ட் நோ. ஐ ஆல்ஸோ டோன்ட் நோ!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. கடற்படையில் இருந்த ஒருவர் கப்பல் கழிகளை விரல் விட்டு எண்ணி, மூன்று மரக் கப்பலில் ஒன்பதுக்கு மேலேயே இருக்கும் என்று சாதித்தார். தையல் தெரிந்த இருவர் உடுப்புத் துணிக்கு ஒன்பது கஜம் எதற்கு, யானைக்கா தைக்கிறார்கள் என்று சீறினார்கள். வேற்றுமை உருபும் காலமும் காற்றில் பறக்க, நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் சண்டை. தெரியாது என்று ஆசிரியையே சொல்லிவிட்ட அறையில் தப்பாகப் பேச யாருக்கும் பயமில்லை.

எல்லோரும் போனபின் புடவையை மடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஃப்ரௌ ப்ரொக்மான் மறுநுனியைப் பிடித்தார்.

"தலைப்பில் ஒன்றைப் போட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை" என்றார். இரண்டு மடிப்பு மடித்தார்கள். "ஹெர் வீஷர்ட் இங்கே மூன்று வருடமாக வருகிறார். அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டது இன்றுதான்."

காலியிடம் மான்செஸ்டர்க்காரருக்கே போயிற்று. வியாழக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சிக்கென்று புதிதாக ஒரு வகுப்பு, பன்னிரண்டு வாரம், அது வேதவல்லிக்கு. கேட்டதில் பாதிதான். ஆனாலும் டிராமில் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் தானாகச் சிரித்துக்கொண்டு போனாள். ஒஹாயோக் கிழவருக்கு அன்றே எழுதினாள்: மூலம் கிடைத்துவிட்டது, நான்தான்.

இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தாள். சனிக்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

"லக்ஷ்மிப்ரியா, குறுக்கே பேசாம கேளும்மா. அன்னிக்கு நீ கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல தைரியம் இல்லாம கதை கட்டிட்டேன். அது நிஜமே இல்லை. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அங்கே அடுப்பை அணைப்பது கேட்டது.

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு. அன்னிக்கு மத்தியானம் நீங்க லைப்ரரில இருந்த அத்தனை டிக்ஷனரியையும் மேசை மேல போட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்க. மறுநாளும் சாப்பிடக்கூடப் போகலை. நான் பின்னாடி மேசைலதான் இருந்தேன்."

வேதவல்லிக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. அகராதிகளின் தூசி நினைவுக்கு வந்தது. பொய் சொன்னதை வெட்கத்தோடு புதைத்தபோது, அதன் கூடவே தேடியதையும் புதைத்துவிட்டிருந்தாள்.

"அப்பறம் எதுக்கும்மா எல்லாருக்கும் அனுப்பினே?"

"எங்க செட்டுப் பொண்ணுங்க நாலு பேருக்குத்தான் மேடம். 'நம்ம மேடம் சொன்ன கதை'ன்னு போட்டிருந்தேன். உங்களை நினைச்சுக்கத்தான். அந்த வரியை யாரோ வெட்டிட்டாங்க."

"அன்னிக்கே என்னை வந்து கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு நினைச்சேன். அந்த வாரம் முழுக்க, நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சதும் நிமிர்ந்து உட்காருவேன். இப்ப சொல்வீங்க, இப்ப சொல்வீங்கன்னு."

வேதவல்லியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு, குரலைச் சரி செய்துகொண்டு, வகுப்பில் நிற்பவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"ஏன் ஒன்பதுன்னு எனக்குத் தெரியாது லக்ஷ்மிப்ரியா. ரொம்ப நல்ல கேள்வி."

"தேங்க் யூ, மேடம்" என்றாள் அவள்.